ஆரத்தித் தட்டில் போன ஊர்ப்பணம்

காசு கொடுத்து ஓட்டு வாங்கும் பழக்கத்தை ஒழிப்பது என்று எங்கள் ஊர்க்கூட்டம் முடிவு செய்தபோது, கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. புளியமர ஏலத்தில் சேர்ந்த பொதுப்பணத்திலிருந்து, பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கும் மூன்று பேருக்கும் ஆளுக்கு இருபதாயிரம் முன்பணம். சொந்தக் காசை இறக்கக் கூடாது. ஓட்டுக்காரர் கையில் காசு கொடுக்கக் கூடாது. தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு உதைத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு, இவருக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கும் இந்தச் சில்வியாவாவது, தேர்தலில் நிற்பதாவது. அதனால்தான் அவ்வளவு பலமாகக் கை தட்டினேன். சட்டம் போட்ட பெரிய மனிதர்கள் ஒருவருக்குமே ஆரத்தித் தட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கும்தான்.

முதல் நாள் ஓட்டுக் கேட்க இறங்கிய முதல் வீடு, பொதுப்பணத்துக்குப் பொறுப்பாளரான அல்போன்ஸ் அண்ணனுடையது. அண்ணன் இல்லை. அவர் மனைவி லூர்துமேரி அக்கா மஞ்சள், சுண்ணாம்பு கரைத்த தட்டோடு வாசலுக்கு வந்து, எனக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்தும் தட்டு என் முன்னால் அப்படியே நின்றது. வெறுங்கையோடு எப்படி நகர்வது? நூறு ரூபாய் போட்டேன். அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. தெருவெல்லாம் தட்டு. ஒரு மகராசி முன்வாசலில் ஒரு தடவை, பின்வாசலில் ஒரு தடவை சுற்றினாள். போஸ்டர், ஆட்டோ வாடகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. ஐயாயிரத்துக்கு மட்டும் இல்லை.

ஞாயிறு காலை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஐயாயிரத்தையே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கோயிலை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் இனிகோ ஒரு ரசீதைக் கையில் திணித்தார்.

"டீ, பன்னுன்னு ஐயாயிரத்துக்கு எழுதி வாங்கியாந்துட்டேன். பேசாம குடுத்துரு."

"அவ்வளவு டீ யாருங்க குடிச்சாங்க?"

"உன்னை எதிர்த்து நிக்கிற குருவும் அப்படித்தான் காட்டப்போறானாம். நீ ஒருத்திதான் இந்த ஊர்ல யோக்கியமா?"

கூட்டம் வேப்பமரத்தடியில். குரு முதலில் கணக்குக் கொடுத்தார். அவர் ஆட்கள் குடித்ததாகச் சொன்ன டீயில் ஒரு ஏரியை நிரப்பலாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து நான். இனிகோ கொடுத்த ரசீது என் கையிலேயே இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். கொடுக்க வரவில்லை. யோக்கியம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், பொய் சொன்னால் எனக்கு முகத்திலேயே தெரிந்துவிடும்.

"ஐயாயிரம் இடிக்குதேம்மா," என்றார் அல்போன்ஸ் அண்ணன்.

"ஆரத்தித் தட்டுல போட்டதுங்க."



"யார் தட்டுல? பேரைச் சொல்லு. இல்லாட்டி நீயே வச்சுக்கிட்டேன்னுதான் ஊரு பேசும்."

பேரைச் சொன்னால் அத்தனை வீட்டு ஓட்டும் போச்சு. சொல்லாவிட்டால் நான் திருடி. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பின்வாசல் மகராசி வேப்பமரத்தில் எதையோ தேடினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பேரு சொல்ல மாட்டேனுங்க. மிஷினை வித்தாவது கட்டிடறேன்."

"அப்போ மைக் கட்ட வேண்டியதுதான்," என்றார் அண்ணன்.

"ஏங்க." லூர்துமேரி அக்கா எழுந்து நின்றார். "மொதத் தட்டு நம்ம வூட்டுதுங்க. நான் நீட்டிக்கிட்டு நின்னேன், அந்தப் புள்ள போட்டுச்சு. மைக் கட்டினா எம் பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

முந்தானையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது எழுவார்கள் என்று நானும் காத்திருந்தேன். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் அண்ணன், முன்பணம் முழுவதும் வேண்டாம், மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தை மட்டும் நான் கட்ட வேண்டும், மைக் வேண்டாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

மறுநாள் ஓட்டுக் கேட்கப் போனேன். தெருவில் ஒரு தட்டும் வெளியே வரவில்லை. கதவிடுக்கில் முகங்கள் மட்டும். வெட்கமா, கோபமா, ஓட்டு உண்டா, இல்லையா, ஒன்றும் புரியாமல் வீடு வீடாக நடந்தேன்.

லூர்துமேரி அக்கா வீட்டில் மட்டும் கதவு திறந்தது. அதே தட்டு. மூன்று சுற்று. பழக்கதோஷத்தில் என் கை பர்ஸுக்குப் போனது. அதற்குள் அக்கா அவசரமாக என்னைத் தாண்டிப் போய், ஆரத்தியைத் தெருவில் ஊற்றிவிட்டு, காலித் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போயிட்டு வா புள்ள," என்றார்.