படம் பார்த்த திசை

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு படக் கம்பெனி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், இயக்குநரின் மேஜைமேல் இருந்த ஒரு பெண்ணின் புகைப்படம் கண்களை இடப்பக்கம் திருப்பிக்கொண்டது. முந்தைய நாள் மாலை அது நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததை இருவர் கண்டிருந்தார்கள். இயக்குநர் படத்தை எடுத்துத் தலைகீழாக வைத்தார். கண்கள் மறுபடி நகர்ந்து, முன்பு எந்த ஜன்னலைப் பார்த்தனவோ அதே ஜன்னலைப் பார்த்தன. அந்த ஜன்னல் இருந்த சுவரிலேயே மாட்டியபோது, பார்க்க வேண்டியது முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால், கண்கள் மூடிக்கொண்டன. அந்த வாரத்துக்குள் அதே படத்தின் பிரதிகள் கிடந்த மற்ற அலுவலகங்களிலும் இப்படியே நடந்தது. கணினித் திரையிலும் அதே கதைதான். ஆனால் அந்த வாரம் லிஃப்ட் பழுதாகியிருந்ததால் எல்லோரும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

படத்தில் இருந்தவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். மாலைகளில் நாடகக் குழு ஒன்றில் நடித்தாள். சினிமாவில் ஒரு வசனம்கூடப் பேசியிராதபோதே அவள் அண்ணனின் கடை இருந்த தெருவில் அவளுக்கு நடிகை என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுக்கும் படம். தொழில் பழகிய நாளில் இரவல் வாங்கிய லைட் ஸ்டாண்டை நிறுத்தி, தங்கையைத்தான் முதலில் ஸ்டூலில் உட்கார வைத்தார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்டாண்டு சாய்ந்து அவள் முகத்தில் விழுந்தது. கண் தப்பியது, இடது புருவம் நடுவில் பிளந்து, ஆறியபின் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளிப் படம், கல்லூரி அட்டை, மருத்துவமனை அட்டை எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் படம் எடுத்தார். எதிலும் அந்தக் கோடு இல்லை. டச்சப் செய்ய உட்கார்ந்தால் அவர் கை முதலில் அங்கேதான் போகும். போவது அவருக்கே தெரியாது.

கம்பெனிகளுக்கு முகப்படம் கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னவுடன் அண்ணன் சாம்பல் நிறத்தில் புதிதாக ஒரு பின்திரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, உனக்கு மட்டும்தான் என்றார். அந்த நாட்களில் அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற புகைப்படக்காரர்களைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாமவரின் படங்களில் எல்லோரும் மோவாயைக் கையில் தாங்கியிருந்தார்கள், பல்வலிக்காரர்கள் போல. இரண்டாமவர் பாதி முகத்தை இருட்டில் விட்டிருந்தார். வயதான பாட்டுவாத்தியார்கூட அதில் கொலை செய்துவிட்டு வந்தவராகத் தெரிந்தார். மூன்றாவது ஆளைக் குதிரைவால் என்று கூப்பிட்டார்கள், தலைமுடியை வைத்து. அவருடைய படங்களில் இருந்தவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் போலிருந்தார்கள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்லர் பக்கம் போக வேண்டாம், புருவத்தைத் தொட வேண்டாம் என்றார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் முகமும் படத்தில் இருக்கும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள் என்றார். அது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணனால் அப்படி எடுக்க முடியாது என்பதும் தெரிந்தது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை போனில் சொன்னாள். "கம்பெனியே ஆள் அனுப்பறாங்கண்ணா. அவங்க ஆள்கிட்டதான் எடுக்கணுமாம்."

"சரிம்மா," என்றார் அண்ணன். "அவங்க சொன்னா கேட்டுக்கணும்." பிறகு, "அந்த லைட்டுக்குக் கண்ணு கூசும், பாத்துக்கோ," என்றார். பின்திரையைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டார்.

குதிரைவால் அவளிடம் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். உட்காருங்க, கூப்பிடுவாங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். படம் நன்றாக வந்தது. கண்கள் திரும்பிய செய்தி வந்தபோது அவர் இலவசமாக வேறு பிரதிகள் போட்டுக் கொடுத்தார். வெட்டி முடித்துக் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் அவையும் திரும்பின. லென்ஸில் குறை இல்லை, வேண்டுமானால் வேறு யாரிடமாவது காட்டிப் பாருங்கள் என்றார். அவள் யாரிடமும் காட்டவில்லை. தன் அறையில் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்கள் சமையலறைப் பக்கமே பார்த்தன. சமையலறையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நாலு தெரு தள்ளி என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாவது மாடி இயக்குநருக்கு அவள் முகம் பிடித்திருந்தது. கதாநாயகனின் தங்கை வேடம். வெளியூரிலிருந்த தயாரிப்பாளர் படத்தைப் பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டும். ஆளைப் பார்க்காமல் அக்கம்பக்கம் பார்க்கும் பெண்ணை அவருக்கு எப்படி அனுப்புவது? அப்படி என்னதான் பார்க்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று உதவி இயக்குநரை அனுப்பினார். அவன் படத்தைத் தட்டுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அது பார்த்த பக்கமாக நடந்தான். சந்துகளில் திரும்பினான், ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றினான், ஒரு தெரு அதிகமாகப் போய்த் திரும்பி வந்தான். மத்தியானம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து படத்தைக் கவுண்டர்மேல் வைத்தான். ஒரு குழந்தையின் படத்தை வெட்டிக்கொண்டிருந்த அண்ணனை அது நேராகப் பார்த்தது. அவர் எழுந்து விளக்கைப் போடப் போனார். கண்கள் அவரோடு போயின, அவரோடு திரும்பி வந்தன.

உதவி இயக்குநர் விஷயத்தைச் சொன்னான். அண்ணன் படத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த முத்திரையைப் படித்தார்.

"இவர் உங்க கம்பெனி ஆள்தானே?"

"நாங்க யாரையும் அனுப்பறதில்லைங்களே. அவங்கவங்க புடிச்ச ஆள்கிட்ட எடுத்துட்டு வருவாங்க."

கவுண்டரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமல், "உங்க தங்கச்சி பெரிய ஆளாயிட்டாங்க. பொய் சொல்ற அளவுக்கு மரியாதை வச்சிருக்காங்க உங்கமேல," என்றாள்.

அண்ணன் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினார். "நல்லா எடுத்திருக்கான்," என்று மட்டும் சொன்னார். படத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவுக்குப் பின்னால் நின்று, படத்தையே படம் எடுத்தார். அவர் நின்ற இடத்தில் லென்ஸும் இருந்ததால் கண்கள் லென்ஸைப் பார்த்தன. பிரதியில் அப்படியே நின்றுவிட்டன. கணினியில் கொஞ்சம் சரிசெய்து தயாரிப்பாளரின் முகவரிக்கு அங்கிருந்தே அனுப்பினார். உதவி இயக்குநர் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மாலையில் பதில் வந்தது. லட்சணமான பெண், ஆனால் இந்த மாதிரி முகம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இரவுக்குள் வேடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. உதவி இயக்குநர் மறுநாள் ஸ்டூடியோவுக்கு போன் செய்து, அந்தத் தழும்பை எடுத்திருக்க வேண்டாம், அதற்காகத்தான் இயக்குநருக்கு அவளைப் பிடித்திருந்தது என்றான். எந்தத் தழும்பு என்று அண்ணன் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டு, அன்று யாருக்கும் படம் எடுக்கவில்லை. உதவி இயக்குநரின் அடுத்த போன் அவளுக்கு. படம் எங்கே போய் வந்தது என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

வேடம் போனதற்கு அவள் கோபப்பட்டிருக்கலாம். பொய் சொன்னதற்கு அவரும் கோபப்பட்டிருக்கலாம். ஆளுக்கு ஒரு குற்றம் கையில் இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. உறவுக்காரர் வீடுகளில் பார்த்துக்கொண்டபோது நல்லா இருக்கியா, நல்லா இருக்கேண்ணா என்று சொல்லிக்கொண்டார்கள். அண்ணன் அவள் காலடியையும், அவள் அவர் தோளுக்கு மேலேயும் பார்த்தார்கள். இரண்டு வருடம் இப்படிப் போனது. அவளுக்கு வேறு வேடம் எதுவும் வரவில்லை. கவிழ்த்து வைத்த படத்தை ஒருநாள் எடுத்துத் தூசி தட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள். அது சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சாலையை அகலப்படுத்துவதற்காக ஸ்டூடியோ இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அண்ணன் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு பேட்டைக்குப் போனார். தங்கையிடம் சொல்லவில்லையா என்று அண்ணி கேட்டதற்கு, கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் பல் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சுவரில் இருந்த படம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு லீவு சொன்னாள். இரண்டு பஸ் மாறி, கொஞ்ச தூரம் நடந்து, அது பார்த்த கடையின் முன் நின்றாள்.

அண்ணன் ஏணிமேல் நின்று போர்டு கட்டிக்கொண்டிருந்தார். "அட்ரஸ் யார் சொன்னா?"

அவள் படத்தைத் தூக்கிக் காட்டினாள். அது ஏணிமேல் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்பெனி ஆள் அனுப்பலண்ணா. நானே தேடிப் போனேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சொல்ற?"

"நீயா கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கல."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினார். "உட்காரு," என்றார். உள்ளே போய்ச் சாம்பல் பின்திரையை முதல்முறையாகப் பிரித்தார், மடிப்பு விழுந்திருந்தது. லைட்டை நிறுத்தினார். ஸ்டாண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, கேமராவை வலது கையால் இயக்கினார். எடுத்து முடிக்கும்வரை ஸ்டாண்டை விடவில்லை. பிறகு கணினி முன் உட்கார்ந்தார். அவர் கை புருவம்வரை போய் நின்றது. மவுஸைப் பக்கத்தில் நின்ற அண்ணியிடம் நகர்த்திவிட்டு, நீயே பிரின்ட் போடு என்று சொல்லி வெளியே போய் நின்றார்.

படத்தில் தழும்பு இருந்தது. கண்கள் நேராக இருந்தன, நேராகவே இருக்கின்றன. அடுத்த மாதம் அந்தப் படத்தைப் பார்த்து அவளுக்கு ஒரு வேடம் கொடுத்தார்கள். மருத்துவமனை வரவேற்பு மேஜையில் இருப்பவள். உட்காருங்க, கூப்பிடுவாங்க என்ற ஒரே வசனம். அலுவலகங்களில் கிடக்கும் பழைய பிரதிகள் அண்ணனின் புதுக் கடை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. முகப்படம் எடுக்க யாரிடம் போகலாம் என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், மூன்றாவது மாடியில் அந்தப் பழைய படத்தைக் காட்டி, அது பார்க்கிற பக்கமாகப் போகச் சொல்கிறார்கள்.