பதினோரு நாள் வேலை

பகல் பன்னிரண்டரைக்கு நெடுங்கண்டிகைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். சத்துணவுக் கூடத்தின் வாசலில் சாம்பார் வாளியும் கரண்டியுமாக அம்முலு நின்றாள். மற்ற நாட்களில் மணிச் சத்தம் ஓயுமுன்பே அறுபது தட்டுகள் தடதடவென்று வந்து வரிசை கட்டிவிடும். அன்று வந்தவை பத்தொன்பது. அத்தனையும் காலனிப் பிள்ளைகளின் தட்டுகள்.

மற்றப் பிள்ளைகளை அவர்களுடைய தாய்மார்கள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அங்க துன்னாதே, வூட்டுக்கு வா" என்று ஒருத்தி தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அந்தச் சிறுமி போகும்போது அம்முலுவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள்தான் அவளுக்கு அம்முலு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியிருந்தாள்.

"இன்னாக்கா, சோறு அப்படியே கீது?" என்று அம்முலு உள்ளே திரும்பிக் கேட்டாள்.

சத்துணவு அமைப்பாளர் சொக்கம்மாள் அண்டாவைத் தட்டுப்போட்டு மூடினாள். அவளுக்கு விஷயம் தெரியும். இரண்டு நாளாகத் தெருவில் அதே பேச்சுதான். ஜெயிலுக்குப் போனவள் ஆக்கின சோற்றை நம் பிள்ளைகள் தின்பதா?

அம்முலு ஜெயிலுக்குப் போனது உண்மைதான். காலனிப் பெண். அவளுக்கு வயது இருபது. தகப்பன் இல்லை. தாய் மங்கம்மாவுக்கு ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி வலது கை முழங்கையோடு போய்விட்டது. அடுப்பு மூட்டவும் தலை வாரவும் புடவை கட்டவும் மகள்தான் வேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பே எரியாது. அப்படி ஒரு மாதத்தில்தான் பாலாற்றங்கரையில் சாராயம் காய்ச்சும் முத்துவேல் அவளைக் கூப்பிட்டான். சைக்கிள் டியூப்பில் சாராயத்தை நிரப்பி, இடுப்பில் சுற்றி, மேலே புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வர வேண்டும். பெண்பிள்ளையைச் சோதனை போட மாட்டார்கள் என்றான். மூன்றாவது தடவையே சோதனை போட்டார்கள். சாராயக் கடைகளையெல்லாம் மூடி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எண்பத்தெட்டாம் வருஷம் அது. கெடுபிடி அதிகம்.

வேலூர் ஜெயிலில் இருபத்தொரு நாள் இருந்தாள். முதல் குற்றம், சின்ன வயது என்று மாஜிஸ்திரேட் அவளைத் தண்டிக்காமல் ஓராண்டு நன்னடத்தை ஜாமீனில் விட்டார். ஊராட்சித் தலைவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், பிழைக்க ஒரு வழியும் செய்து தர வேண்டும் என்றார். உத்திரமேரூர் யூனியன் ஆபீசிலிருந்து கிராம சேவிகா சுலோச்சனா இதற்காகவே மூன்று தடவை நெடுங்கண்டிகைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. தலைவர் பஞ்சாட்சரம் நல்ல மனிதர். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இரண்டு கையெழுத்தும் போட்டார். 'மேற்படி பெண்ணுக்கு ஊராட்சி வேலையளித்து, சகல ஆதரவும் கொடுத்து வருகிறது' என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதமும் அனுப்பினார்.

அம்முலு காலை ஏழு மணிக்கே வந்துவிடுவாள். கூடத்தைக் கழுவிவிடுவாள். அரிசியில் கல் பொறுக்குவாள். ஜெயிலில் இருந்தபோது பெரிய அண்டாவில் சோறு வடிக்கக் கற்றிருந்தாள். "இந்த மாதிரி கை சுத்தமான பொண்ணு எனக்குக் கெடச்சதே இல்ல" என்று சொக்கம்மாளே சுலோச்சனாவிடம் சொல்லியிருந்தாள். அதையெல்லாம் சொல்லி இப்போது என்ன செய்வது? அறுபது பிள்ளைக்கு வடித்த சோற்றில் பாதிக்கு மேல் அண்டாவிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் கூடியது. அம்முலுவை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். சுலோச்சனா செய்தி கேட்டு முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

உறுப்பினர் வரதன்தான் முதலில் பேசினார். "எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு விரோதமும் இல்ல. சாராயம் கடத்தி உள்ள போயிட்டு வந்தவ. அவ கையால புள்ளைங்க சோறு துன்னா, நாளைக்கு இதுங்களுக்கு இன்னா புத்தி வரும்? அத்தத்தான் கேக்கறேன்."

காலனிப் பெண் என்பதால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னால் சட்டம் கேட்கும். ஜெயிலுக்குப் போனவள் என்று சொன்னால் யாரும் கேட்க முடியாது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. அதனால் எல்லோரும் ஜெயிலைப் பற்றியே பேசினார்கள்.

"அவள் காய்ச்சினதை வாங்கிக் குடிச்சவங்க இந்த ஊர்ல இல்லையா சார்? அவங்க வீட்டு அடுப்புல சோறு வேகலையா?" என்றாள் சுலோச்சனா.

"அவ காய்ச்சல, சுமந்துகினு வந்தா" என்று யாரோ திருத்தினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

உறுப்பினர்களில் ஒரே பெண் தாயாரம்மாள். சுலோச்சனா அவளைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றாள். தாயாரம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு இன்னா தெரியும்? எல்லாரும் சொல்றாப்பலதான்" என்றாள்.

தீர்மானம் எழுதப்பட்டது. பொதுமக்கள் நலன் கருதித் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது என்று வாசகம். உறுப்பினர்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு பஞ்சாட்சரமும் போட்டார். வெளியே வந்து அம்முலுவிடம் அவரே சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு நீ வர வாணாம்மா. ஊரு கொஞ்சம் அடங்கட்டும்."

"நான் இன்னா தப்பு பண்ணேங்கையா?"

"இப்ப நீ ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் எதுக்குங்கையா?"

அம்முலு அழவில்லை. தலைவர் நிற்கும்போது முதலில் கிளம்பக் கூடாது என்று நினைத்தவள்போல அங்கேயே நின்றாள். கடைசியில் அவர்தான் திரும்பிப் போனார்.

சுலோச்சனா அவர் பின்னாலேயே போனாள். "ஒரு உதவி மட்டும் செய்யுங்க சார். வேலைய விட்டு நிறுத்திட்டோம்னு கோர்ட்டுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க. அதைக் காட்டினா நன்னடத்தை அலுவலர் வேற எங்கயாவது வழி பண்ணுவார். உங்க கடுதாசி இல்லாம அவரால ஒண்ணும் செய்ய முடியாதாம்."

"எழுதலாம். ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்களேம்மா? நான் இன்னான்னு பதில் சொல்றது? ஊருக்கே கெட்ட பேராப் போயிடும்" என்றார் பஞ்சாட்சரம். "பாக்கலாம், பாக்கலாம்" என்று அவளை அனுப்பிவைத்தார். அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டது. நடவுக்கு ஆள் எடுத்தபோது காலனியில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார்கள், அம்முலுவைக் கூப்பிடவில்லை. ஊராட்சியே வேண்டாம் என்றவளை நாம் ஏன் வயலில் இறக்க வேண்டும் என்று நிலக்காரர்கள் நினைத்தார்கள். சாலவாக்கம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனாள். இரண்டாம் நாளே விஷயம் அங்கேயும் எட்டிவிட்டது. சுலோச்சனா தையல் பயிற்சி வகுப்பில் இடம் கேட்டு அலைந்தாள். அந்த வருஷத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்கள். அதைச் சொல்ல அவள் காலனிக்கு வந்தபோது மாதம் அக்டோபர்.

"ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கோ அம்முலு. பேரை எழுதி வச்சிட்டேன்."

"பொறுத்துக்கறேம்மா. வயிறு பொறுத்துக்கணுமே" என்றாள் அம்முலு. கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு தாயைச் சுவரோரம் உட்காரவைத்துத் தலை பின்னத் தொடங்கினாள். சுலோச்சனா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளாலும் வேறு என்ன செய்ய முடியும்? அவள் யூனியனில் கடைசிப் படியில் இருக்கும் ஊழியர். அந்த மாதக் கடைசியில் அவளைத் திருப்புட்குழிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ஊரில் அம்முலுவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்கிற ஆள் ஒருவன்தான் மிஞ்சினான். அவன் முத்துவேல். முதல் தடவை பஸ் ஸ்டாப்பில் அவன் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவன் அவளிடம் பேசவில்லை. நேராக வீட்டுக்கு வந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். மங்கம்மா அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு ஒற்றைக் கையால் மூட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

தை மாதம் பழையசீவரம் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி அம்முலுவைப் பிடித்தார்கள். பெண் போலீஸ் கை வைக்கும் முன்பே அவள் எழுந்து நின்று, "நானே எறங்கறேன்" என்றாள்.

ஜாமீன் கொடுத்தவர் என்பதால் பஞ்சாட்சரத்துக்குச் சம்மன் வந்தது. வரதனும் துணைக்கு வந்தார். மங்கம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டு புடவை கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் வந்தாள். செங்கல்பட்டுக் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் பழைய வழக்குக் கட்டைப் பிரித்து, உள்ளே இருந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்தார்.

"'மேற்படி பெண்ணுக்கு ஊராட்சி வேலையளித்து, சகல ஆதரவும் கொடுத்து வருகிறது.' ஏம்மா, ஒரு ஊரே உனக்குக் கை கொடுத்திருக்கு. வேலை கொடுத்திருக்கு. அதை உதறிட்டு மறுபடியும் இதே தொழிலுக்குப் போயிருக்கியே, உனக்கு என்ன குறை?"

அம்முலு கூண்டில் நின்றபடி பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள்.

அந்த இரண்டு வார்த்தைதான் பஞ்சாட்சரத்தை உலுக்கியது. ஊரின் பெயரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளோ, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ, தெரியவில்லை. அவர் எழுந்தார்.

"ஐயா, அந்தக் கடுதாசி பொய்யிங்க. எழுதினப்ப நெசம். அப்புறம் பொய்யாப் பூட்டுது. பதினோரு நாளுதான் வேலை பாத்துச்சு. அது உதறிட்டுப் போவல. நாங்கதான் நிறுத்திட்டோம். தீர்மானம் போட்டு நிறுத்திட்டோம். அத்த உங்களுக்கு எழுதச் சொல்லி அந்தச் சேவிகாம்மா கெஞ்சிச்சு. நான் எழுதல."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை அன்னைக்கே நீங்க எழுதியிருந்தா நான் வேற உத்தரவு போட்டிருப்பேன். இப்ப இரண்டாவது குற்றம், ஜாமீனையும் மீறியாச்சு. என் கையும் கட்டியிருக்கு" என்றார். ஒரு வருஷம் கொடுக்க நினைத்ததை ஆறு மாதமாகக் குறைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அம்முலுவைக் கூட்டிப்போகும்போது தாழ்வாரத்தில் பஞ்சாட்சரம் எதிரே நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். அவளே பேசினாள்.

"இங்க சொன்னீங்களே, இத்த அந்த வேப்பமரத்தாண்ட நின்னுகினு ஊர்க்காரங்களுக்குச் சொல்லியிருந்தா, நான் இன்னேரம் புள்ளைங்களுக்கு சோறு போட்டுக்கினு இருப்பேங்கையா." பிறகு தாயைக் காட்டி, "அது புடவைய இறுக்கிக் கட்டிவிடச் சொல்லுங்க. இல்லாட்டி நடக்கும்போது தடுக்கி வியுந்துடும்" என்றாள். போலீஸ்காரர் நடக்கச் சொன்னார். நடந்தாள்.

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? அவ திருந்தமாட்டான்னு நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

பஞ்சாட்சரம் அவரை நேராகப் பார்த்தார். ஐம்பது வருஷத்தில் யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"அவ திருந்தித்தான் வந்தா வரதா. தெனம் காலைல ஏழு மணிக்குத் திருந்தித்தான் வந்து நின்னா. நாமதான் கதவச் சாத்தினோம். தப்புப் பண்ணவங்களைத் திரும்பி வான்னு கூப்புட்டா மட்டும் பத்தாது, வந்தா நிக்கறதுக்கு எடம் குடுக்கணும். எடம் குடுக்காத ஊருதான் அவங்களை ரெண்டாந்தரம் ஜெயிலுக்கு அனுப்புது. இந்தக் குத்தத்துல நாம ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

கோர்ட்டு வாசலில் மங்கம்மா ஒற்றைக் கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வேலூருக்கு எந்த பஸ் போகும் என்று போகிறவர் வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.