மாடியிலிருந்து ஓர் அனுமதிக் கோரிக்கை

1

இந்தக் கதை ஓர் இடது கணுக்காலில் ஆரம்பித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் ஒருவர் மேல் அலமாரியிலிருந்து புத்தகம்* எடுக்க ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். ஆறு வாரம் மாவுக்கட்டு. குளியலறை மாடியில் இருப்பதால் வாசமும் மாடியில்தான், படி இறங்கக் கூடாது என்று உத்தரவு.

அந்த எழுத்தாளர் நான்தான். ஆனால் 'நான் விழுந்தேன்' என்று எழுதினால் பரிதாபமாக இருக்கிறது. 'அவர் விழுந்தார்' என்றால் ஏதோ கொஞ்சம் கௌரவமாக விழுந்த மாதிரி இருக்கிறது. ஆகவே இனி அவர்.

2

அவருடைய கணினி கீழே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கதைகள் அதற்குள். தூக்கிக்கொண்டு வந்து மாடியில் வைக்கிறேன் என்று மனைவி சொன்னாள். "வயரையெல்லாம் பிடுங்கிட்டு மறுபடி உனக்கு மாட்டத் தெரியாது" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமில்லையா? இருக்க மாட்டார்.

மனைவி பல் டாக்டர். கிளினிக்கில் ஒரு பழைய டேப்லெட் உண்டு. நாற்காலியில் மல்லாந்து கிடப்பவரிடம், கணினியில் இருக்கும் எக்ஸ்ரே படத்தை அதில் வரவழைத்து, 'இந்தப் பல்தான்' என்று காட்டுவாள். அதைக் கொண்டுவந்து வீட்டுக் கணினியோடு இணைத்து அவர் மடியில் வைத்தாள். முதுகில் ஒரு கடைவாய்ப்பல் சிரிக்கும் ஸ்டிக்கர். மாடியில் அவர் விரலை நகர்த்தினால் கீழே அம்புக்குறி நகரும். தட்டினால் கதை கணினியில் போய் விழும்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "நீங்க இணைக்கறப்பல்லாம் கீழ திரைல ஒரு பெட்டி வரும். அனுமதிக்கவான்னு கேக்கும். யாராவது 'ஆம்' அழுத்தணும். கால் மணி நேரம் தொடாம விட்டா தானா அறுந்துடும். மறுபடி கேக்கணும்."

"அந்தப் பெட்டியை எடுத்துட முடியாதா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

யாராவது என்றால் யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் காலில் கட்டு.

3

ஆக, மதியம் அவள் சாப்பிட வரும் நேரத்தில்தான் இலக்கியம் நடக்கும். ஒரு மணிக்கு 'ஆம்' விழும், இரண்டு மணிக்குள் அவள் கிளம்பிவிடுவாள். இடையில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் தொடர்பு போச்சு. அதனால் எதையாவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அவசரத்தில் விழுந்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

[மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்... வேண்டாம், எல்லாரும் மழையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.]

[பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர் தன் வீட்டுச் சாவியைத் தொலைத்து... பூட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?]

[இது சும்மா ஒரு வரி. அறுந்துவிடாமல் இருக்க. இன்னொரு வரி. மின்விசிறி சுற்றுகிறது. இன்னும் சுற்றுகிறது.]

[அவள் ஒரு பல் டாக்டர்.]

4

இங்கே கை நின்றது. ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு கதை எழுதினார். அதில் வரும் பல் டாக்டர், நோயாளியின் வாயைத் திறக்க வைத்து, அவர் பதில் பேச முடியாத அந்த இருபது நிமிடமும் தன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். வீட்டில் அவள் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. பத்திரிகையில் வந்தது, நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். செல்லமாகத்தான் கிண்டல் செய்தோம் என்று இவருக்கு ஒரே பூரிப்பு.

நோயாளிகளும் படித்தார்கள். அடுத்த வாரம் ஒரு தபால்காரர், வாய் நிறையப் பஞ்சோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்" என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கிளினிக்கில் 'வாயைத் திறங்க', 'துப்புங்க' தவிர அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"இனிமே என்னைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாது" என்றாள். "சரி" என்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கதை நன்றாகத்தானே வந்திருக்கிறது, அதற்கு எதற்கு மன்னிப்பு என்று ஓர் எண்ணம்.

அவ்வளவு சத்தியம் செய்தவர் இப்போது மறுபடி அவளையே எழுதுகிறார். [அவள் ஒரு பல் டாக்டர். நீலக் கோட்டு அணிந்து...]

5

இதிலிருந்து பென்சில். மருந்துக் கவரின் பின்பக்கம் எழுதுகிறேன். காரணம் வருகிறது.

'நீலக் கோட்டு' என்று அவர் தட்டியதும் அந்த 'நீல' தானாக அழிந்தது. அந்த இடத்தில் 'பச்சை' வந்து உட்கார்ந்தது. டேப்லெட் பழசு, ஏதோ கோளாறு என்று நினைத்து அம்புக்குறியை நகர்த்தினார். அது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. இவர் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, ஒரே அம்பு நடுவில் கிடந்து திண்டாடியது. திரையை மேலே தள்ளிப் பார்த்தால் முதல் பகுதியில் 'புத்தகம்' பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அவர் போடவில்லை.

இவர் டேப்லெட்டில் எழுதும்போது கீழே திரை அணைந்திருக்கும் என்று அவராகவே முடிவு செய்துவைத்திருந்தார். உலகத்தையே கரைத்துக் குடித்த மாதிரி எழுதுகிறவருக்கு இவ்வளவுதான் விவரம். அவள் தினமும் திரைக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா படிக்கறே?" என்று படியைப் பார்த்துக் கேட்டார்.

"மழைலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

வேறு எதையாவது கேட்போம் என்று, "அந்தப் பெட்டியை எடுத்துட முடியும்னியே, ஏன் எடுக்கல?" என்றார்.

கீழே தட்டு நகரும் சத்தம். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஒருத்தரோட பல்லைக்கூட அவங்களைக் கேட்டுட்டுத்தான் இன்னொருத்தருக்குக் காட்டுவோம். நீங்க என்னைக் கேட்டீங்களா?"

பேச்சை மாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. மடமடவென்று முடிவுகளைத் தட்டினார். [அவள் சிரித்துவிடுகிறாள்.] அழிந்தது. [அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள்.] அதுவும் அழிந்து, 'எனக்கு ரெண்டு மணிக்கு ரூட் கேனால் இருக்கு' என்று வந்து விழுந்தது. அதன் பிறகு அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்பு அறுந்தது.

6

மறுபடி இணைக்கக் கேட்கும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். 'காரணம் (விரும்பினால்)' என்று போட்டிருக்கும். இத்தனை நாளும் அதைக் காலியாகவே விட்டு அனுப்பினார். காரணம் என்ன பெரிய காரணம், அவர் எழுத்தாளர், அவ்வளவுதானே.

இன்று அதில் எழுதினார்: 'உன்னைக் கேக்காம எழுதினது தப்பு. ரொம்பத் தப்பு. இதை எழுதலாமான்னு இப்பக் கேக்கறேன். வேண்டாம்னா எல்லாத்தையும் அழிச்சுடு.'

அனுப்பும் பொத்தானைத் தொட்டார். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு பயந்து எதையும் பிரசுரத்துக்கு அனுப்பியதில்லை. அவர் அவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, ஸ்டூலிலிருந்து விழுந்தது வேண்டுமானால் அவராக இருக்கட்டும். இதை எழுதி அனுப்பியது நான்.

'காத்திருக்கவும்' என்கிறது டேப்லெட். ஒரு வட்டம் சுற்றுகிறது. கீழே குழாய் திறந்தது, மூடியது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார இழுத்தாளா, எழுந்து போக இழுத்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. மணி ஒன்று ஐம்பது.

கவரில் இடம் தீர்ந்துவிட்டது. இது உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒன்று அவள் 'ஆம்' அழுத்தியிருக்க வேண்டும், அல்லது ஆறு வாரம் கழித்து நானே இறங்கிப் போய், கேட்காமல் மறுபடியும் அதையே செய்திருக்க வேண்டும். என்னைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தீர்களே, எது என்று நீங்களே சொல்லுங்கள்.

* புத்தகம் இல்லை, பிஸ்கட் டின். மருந்துக் கவரில் இருந்ததைத் தட்டியது நான். நேற்று தபால்காரருக்கு ஒரு பல் அடைத்தேன். இருபது நிமிடமும் இந்தக் கதையைத்தான் சொன்னேன்.