பின்காலெடுக்காத செவலை

கிணற்றில் சால் விட்டுக் கவலை இறைக்கும் மாடு இரண்டும் கோமாரியில் செத்தபிறகு நஞ்சுண்டனுக்கு மிஞ்சியது ரேக்ளாப் பந்தயக் காளை செவலை மட்டும்தான். கிணத்துக்கடவுப் பக்கம் அந்த வருஷம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றில் ஒரு பொழுது இறைக்கத் தண்ணீர் கிடந்தது. பருத்திக்கு அதைப் பாய்ச்சினால் காய் பிடிக்கும்; இல்லையென்றால் குத்தகைத் தோட்டம் வேறு கைக்குப் போய்விடும்.

ஜோடிக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பிதுரை தன் கிழட்டு மயிலைக் காளையை உச்சிப்பொழுது வரைக்கும் இரவல் கொடுத்திருந்தான். அப்படியும் நஞ்சுண்டன் நுகத்தடியைத் தொடாமல் நின்றான்.

“அந்தக் காலத்துல புலியக் குத்திச் சாய்ச்ச காளையக் கொண்டுபோய்க் கவலையில பூட்டுனாங்க. பின்னால கால் வெக்கமாட்டேன்னு சாலோட கெணத்துல குதிச்சுது. கோயில்ல நோம்பிக்கு நோம்பி அந்தக் கதைப்பாட்டக் கேட்டுப்போட்டு, இவனப் பூட்டச் சொல்றியா சின்னாத்தா?”

“அது மானமில்லீங்க, திமிரு,” என்றாள் அவன் பெண்டாட்டி சின்னாத்தாள். “ஊரே தொண்ட வறண்டு நிக்கையில நாலடி பின்னால வந்தா கொம்பு உதுந்துருமா? அதைக் கும்புடறீங்க. அன்னைக்குக் காடு தோட்டம் காஞ்சு நின்னவ ஒருத்தி இருந்திருப்பாளே, அவளப் பத்திப் பாட்டு இருக்குதுங்களா?”

அவளே பூட்டினாள். நஞ்சுண்டன் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார, மாடுகள் சரிவில் இறங்கின. சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. வெறும் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்க வேண்டுமானால், மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்னோக்கிச் சரிவேற வேண்டும். மயிலை பழக்கத்தில் பின்காலெடுத்தது. செவலை அசையவில்லை. நுகம் கோணி மயிலையின் கழுத்தை அழுத்தியது.

“ஏனுங் மாமா, உங்க காளைக்கு மாலை போட்டுக் கூப்புடோணுமாட்ட இருக்குது!” வரப்பிலிருந்து தம்பிதுரை கத்தினான். “என்ற மாட்டுக் கழுத்த முறிச்சுப்போடாதீங்க!”

“பாத்தியா ரோசத்த?” என்றான் நஞ்சுண்டன். அந்த நேரத்திலும் அவன் குரலில் பெருமை.

சின்னாத்தாள் சரிவில் இறங்கி வந்தாள். கோலைப் பிடுங்கிச் செவலையின் முதுகில் மூன்று இழுப்பு இழுத்தாள். தோல் தடித்தது. நாலாவதுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. காளையின் பின்தொடை வெடவெடத்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே கழிந்து வைத்திருந்தது. கண்ணில் வெள்ளை தெரிய, பின்னால் கிடந்த கிணற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

“ரோசமுமில்ல, மண்ணுமில்ல. பயந்து சாகுதுங்க இது. முன்னால ஓடத்தான பழக்குனீங்க?”

கோலை எறிந்துவிட்டு, மாட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“வேண்டாம் புள்ள! மிரண்டு தள்ளுச்சுன்னா கெணத்துலதான் உழுவே!”

“பருத்தி காஞ்சாலும் அங்கதானுங்க போகோணும்.”

செவலையின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்தாள். “வா கண்ணு. நானிருக்கறன், வா.” ஒரு கால் பின்னால் வந்தது. அவளும் ஓரடி கிணற்றுப் பக்கம் நகர்ந்தாள். அப்புறம் இன்னொரு கால்.

உச்சிப்பொழுதுக்குள் பதினோரு சால்தான் இறைக்க முடிந்தது. மூன்றாவது பாத்தியைத் தாண்டுவதற்குள் தண்ணீரை மண் குடித்துவிட்டது. தம்பிதுரை வந்து மயிலையை அவிழ்த்து ஓட்டிப்போனான்.

தரையில் சாய்ந்து கிடந்த நுகத்தடியின் வெறும் முனையைச் சின்னாத்தாள் தூக்கித் தன் தோளில் வைத்தாள்.

“இந்தப் பக்கம் நான் இழுக்கறன். செவலைக்குப் பின்னால நீங்க போய் நில்லுங்க.”

நஞ்சுண்டன் கிணற்றை ஒருமுறை பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக்கொண்டு செவலையின் பின்பக்கம் மேலேறினான்.