ஜன்னலோரக் கட்டில்

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் இஸ்திரி மேசையின் விளக்கைப் போட்டுக் கையை அதன் கீழ் நீட்டினாள். முழங்கைக்கு உள்பக்கம் மூன்று தடிப்புகள். கோடு போட்டது போல நேராக இருந்தன. சொறிந்தால் சுகமாக இருந்தது, நிறுத்தினால் எரிந்தது.

வக்கீல் உள்ளே வந்தார். அவர் இஸ்திரி போடுகிறவர். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் எதிர்த்து வாதாடுவதால் கடையில் அந்தப் பெயர். அவள் கையை அவர் பார்த்துவிட்டார்.

“கொசு கண்ட இடத்துல கடிக்கும்க்கா. இது டிக்கெட் வாங்க நிக்கிற மாதிரி வரிசையா நின்னு கடிச்சிருக்கு.”

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். “சட்டையெல்லாம் மடிச்சு முடிச்சதும் அந்த வாயையும் மடிச்சு அலமாரியில வைங்க.”

மூட்டைப்பூச்சி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறாள். விடுதிகளின் படுக்கைவிரிப்புகள் அவளிடம்தான் வருகின்றன. அந்த மூட்டைகளுக்கென்று கடையில் ஒரு சட்டம் உண்டு. நடுவில் எங்கும் பிரிக்கக்கூடாது. மேசை மேல், துணி மேல் வைக்கக்கூடாது. இயந்திரத்தின் வாயிலேயே அவிழ்த்துக் கொதிக்கிற தண்ணீரில் கொட்ட வேண்டும். அவளே வைத்த சட்டம். ஒருவருக்கும் விலக்கு கிடையாது.

சுற்றுலாவில் இருந்து கொண்டுவந்த துணி முழுவதையும் ஞாயிற்றுக்கிழமையே கொதிக்க வைத்துவிட்டாள். பெட்டியைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் வெயிலில் போட்டாள். அதன்பின் புதிதாகக் கடி இல்லை. வீடு தப்பித்தது. இனி வெளியே தெரியாமல் இருந்தால் போதும். குறிப்பாகச் சம்பந்திக்கு.

மகளுக்கு எட்டாம் மாதம். பிள்ளை பெற்றதும் கடைக்குப் பின்னால் இருக்கும் அம்மாவின் இரண்டு அறை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மகளின் மாமியார் அதைச் சிரித்த முகத்தோடு ஒத்துக்கொண்டாள். தன் வீட்டில் ஓர் அறைக்குப் புது வண்ணம் அடித்து முடித்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். சோப்பு ஆவி குழந்தைக்கு ஆகுமா என்று பொதுவாக, யாரையும் பார்க்காமல் கேட்டாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அவள். தலையில் பேன் உள்ள பிள்ளையை வாசலிலேயே கண்டுபிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாள் என்று ஊரில் பேச்சு. மூட்டைப்பூச்சி என்று ஒரு சொல் அவள் காதில் விழுந்தால் குழந்தை எந்த வீட்டுக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை.

வெளிநாட்டுச் சுற்றுலா பிள்ளைகளின் யோசனை. குழந்தை வருவதற்குள் அம்மாக்கள் இருவரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அனுப்பினார்கள். விடுதியில் ஓர் அறை, இரண்டு கட்டில். சம்பந்தி உள்ளே போனதும் கைப்பையை ஜன்னலோரக் கட்டிலில் வைத்து இடம் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் அங்கே படுத்தாள். மூன்றாம் நாள், ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். இவள் மாறிக்கொண்டாள். நல்ல மனசு உங்களுக்கு என்று சம்பந்தி சொன்னாள். முன்னும் பின்னும் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

இப்போது கையைப் பார்க்கும்போது அந்த நல்ல மனசு உறுத்தியது. ஏசி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அல்லவா இருந்தது?

சம்பந்திக்கும் கடித்திருக்குமா? திரும்பி வரும்போது விமானத்தில் அவள் சால்வையைக் கழற்றவே இல்லை. விமான நிலையத்தில் இருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனார்கள். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளால் குனிய முடியாது என்று இரண்டு பெட்டிகளையும் அவள் பக்கத்திலேயே தூக்கி வைத்துத் திறந்தார்கள். குட்டிக் குட்டிச் சொக்காய்களை யார் முதலில் எடுத்துக் காட்டுவது என்று போட்டி. அந்த அமளியிலும் சம்பந்தி சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அன்று அறையில் நல்ல புழுக்கம்.

வியாழக்கிழமை சம்பந்தி வீட்டுக் காரோட்டி ஒரு பெரிய பை கொண்டுவந்தார். சுற்றுலாத் துணிகள். எல்லாவற்றையும் சுடுதண்ணியில் அலசச் சொன்னார்களாம்.

கல்யாணம் முடிந்து மூன்று வருடமாகிறது. இதுவரை அந்த வீட்டில் இருந்து ஒரு கைக்குட்டைகூட இந்தக் கடைக்கு வந்ததில்லை. பை வாய் இறுகக் கட்டியிருந்தது. வக்கீல் அதைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, இவ்வளவு முடிச்சு போட்டுப் புதையலைத்தான் கட்டுவார்கள் என்றார்.

அவள் அதை இயந்திரத்தின் வாய்க்குக் கொண்டுபோய் அவிழ்த்தாள். உடுத்தியே இராத இரண்டு உடைகள்கூட உள்ளே இருந்தன. இரவு உடையை எடுத்துக் கைப்பகுதியை வெளிச்சத்தில் திருப்பினாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே பழுப்பாகச் சின்னப் புள்ளிகள். சொறிந்து வந்த ரத்தம். அவையும் வரிசையாகத்தான் இருந்தன.

அந்த நேரத்தில் மகளின் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள். கையெல்லாம் அரிக்கிறது என்று மகள் சொன்னாள். மாதம் ஏறினால் அப்படித்தான், தேங்காய் எண்ணெய் தடவு என்றாள். அப்புறம், அத்தை இந்தப் பக்கம் வந்தார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறார்கள், கொஞ்சம் சளி போலிருக்கிறது, எப்போதும் சால்வையோடு இருக்கிறார்கள் என்றாள் மகள். அவளுக்கு அது போதும். போனை வைத்தாள்.

ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். கடையில் முதல் நாள் வேலைக்குச் சேருகிறவருக்கே அது தெரியும். கேட்டது சுடுதண்ணீர். சுடுதண்ணீரிலேயே போட்டாள்.

இஸ்திரி முடிந்து வந்தபோது இரவு உடையை வக்கீலிடமிருந்து வாங்கித் தானே மடித்தாள். கறையுள்ள கைப்பகுதி எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி வைத்துக் கட்டினாள்.

“அக்கா, இது மடிப்பு மாதிரி இல்ல. நோட்டீஸ் ஒட்டுன மாதிரி இருக்கு.”

அவள் ரசீதை எழுதி அதன் மேல் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகள் வீட்டில் தேநீர். சம்பந்தி முன்பே வந்து சோபாவின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டுவரை இறங்கிய சட்டை. இவளும் அப்படியே உடுத்தியிருந்தாள். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் இருவருக்கும் நெற்றி வேர்த்தது. மருமகன் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சி, ஏதோ மருந்து பூசின வாசனை வருகிறதே என்றான். தனக்கு ஒன்றும் வரவில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கலமைன் வாசனை. இவள் அரிப்புக்குப் பூசிக்கொண்டிருந்த அதே மருந்து.

மருமகன் பழம் வாங்கக் கடைக்குக் கிளம்பிப் போனான். மகள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

இவளுக்கு முழங்கை அரித்தது. கோப்பையை இறுகப் பிடித்தாள். எதிரே சம்பந்தியின் விரல்கள் சோபாவின் தையலைப் பிராண்டிக்கொண்டிருந்தன.

சம்பந்திதான் முதலில் வாய் திறந்தாள். “அந்த உடுப்புல கறை போகலையே, சம்பந்தியம்மா.”

“சுடுதண்ணியில போகாதுங்க. இறுகிடும்.”

“உங்க தொழில். நீங்க சொல்லியிருக்கலாம்.”

“என்ன கறைன்னு நீங்க சொல்லி அனுப்பியிருக்கலாம்.”

மின்விசிறி சுழன்றது. சம்பந்தி வாசலைப் பார்த்தாள், உள்ளறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“உங்களுக்கு எந்தக் கை?”

பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அரிப்பு விடவில்லை. “இடது.”

“எனக்கு வலது. முதுகுலயும்.”

இருவரும் ஒரே சமயத்தில் சொறிந்தார்கள்.

கட்டில் மாற்றச் சொன்னபோதே தெரியுமா என்று இவள் கேட்டாள். சம்பந்தி ஏசியைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

“மெத்தை ஓரத்துல கறுப்பா ஏதோ பார்த்தேன். மிளகுன்னு நினைச்சேன்.”

“மெத்தையில யாருங்க மிளகு தூவுவாங்க?”

சம்பந்தியின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது என்றாள். துணியையெல்லாம் அனுப்பிவிட்டேன், பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன், இப்போது கடி இல்லை என்றாள். தன் வீட்டிலும் இல்லை என்றாள் இவள். உண்மையா என்று சம்பந்தி கேட்டாள். உண்மையா என்று இவளும் கேட்டாள். இருவரும் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்பது வேறு.

“பொண்ணு காதுல விழ வேணாம்,” என்றாள் சம்பந்தி. “இந்த நேரத்துல பயந்துக்கும்.”

“விழாது.”

மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். சம்பந்தி தன் தட்டில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

உள்ளறைக் கதவு இப்போது திறந்திருந்தது. மகள் நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மெதுவாக வந்தாள். உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னாள். இந்த மாதத்தில் இப்படி அரித்தால் ஈரலில் கோளாறாக இருக்கலாம், அது பிள்ளைக்கு ஆபத்து என்று ரத்தம் எடுத்தார்களாம். முடிவு வரும்வரை அவளும் கணவனும் தூங்கவில்லை. அம்மாக்கள் பயப்படுவார்கள் என்று இருவரிடமும் சொல்லவில்லை. நேற்று முடிவு வந்தது. ஈரலில் ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் அப்புறம்தான் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வெளியூர்ப் பெட்டி ஏதாவது படுக்கைப் பக்கம் வந்ததா என்று கேட்டார்.

அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கையில் இருந்து தோள்வரை தடிப்புகள். வரிசை வரிசையாக.

சலவைக்கடைக்காரிக்கு அந்தக் கட்டில் கண்முன் வந்தது. அதன் மேல் திறந்து கிடந்த இரண்டு பெட்டிகளும் வந்தன. சம்பந்தி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல தெரியும்?”