ஒற்றைக் கை

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் ஓட்டும் நோரீன், மீன் சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்றேன்.

"எழுது. ஆனா சோகமா முடிச்சு என் புருஷன கொன்னுடாத. எழுதுறவங்களுக்கு அதான வேலை."

முதல் தொடக்கம்: 'அலாஸ்காவின் பனிமூட்டம் ஒரு வெண்ணிற' (அடித்துவிட்டேன். பனிமூட்டத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இங்கே ஏற்கெனவே ஏராளம்.)

2.

நடந்தது இதுதான். சாலையே இல்லாத ஓர் ஆற்றோரம் கணவன் எஃபிமை மீன்பிடிக்க இறக்கிவிட்டாள் நோரீன். சனிக்கிழமை கூட்டிவர வேண்டும். புதன்கிழமை வேறு யாருக்கோ சாமான் ஏற்றிக்கொண்டு அதே வழியாகப் பறந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம்: கீழே நிற்பவர் ஒரு கை தூக்கினால் 'நலம், நீ போ'. இரண்டு கையும் தூக்கினால் 'இறங்கு'. எஃபிம் சரளைமேட்டில் நின்று ஒரு கை தூக்கினான். அவள் பதிலுக்கு விமானத்தின் இறக்கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவனுடைய வலது தோள்பட்டை முறிந்திருந்தது. தூக்குவதற்கு ஒரு கைதான் இருந்தது. முந்தின நாள் ரப்பர் படகு கவிழ்ந்து, கூடாரம், சாப்பாடு, தொலைபேசி எல்லாம் ஆற்றோடு போயிருந்தன. மழை வேறு. சனிக்கிழமை வரை தாங்கியிருக்க மாட்டான்.

(கீழே படுத்துக் காட்டியிருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். விமானத்தைப் பார்த்ததும் கை தானாக எழுந்துவிட்டதாம். முப்பது வருடப் பழக்கம்.)

3.

பன்னிரண்டு நிமிடம் பறந்தபின் அவள் திரும்பினாள். 'மனைவியின் உள்ளுணர்வு' என்று எழுதி அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"உள்ளுணர்வா? மண்ணாங்கட்டி! கூடாரத்தக் காணோமேன்னு அப்பத்தான் உறைச்சுது. பாத்த உடனே உறைக்கலியே, அதான் இன்னும் உறுத்துது."

இறங்கினாள். எஃபிமின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"ஒத்தக் கைதான தூக்குனேன்? எதுக்கு வந்த?"

அவள் கட்டிக்கொண்டு அழுதாள். தோள் வலியில் அவன் ஊரைக் கூட்டினான், கூட்ட ஊர்தான் இல்லை. எழுதும்போது எனக்கே அப்பாடா என்றிருந்தது.

4.

முடிவில்தான் சிக்கல்; நோரீன் பாதியில் நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கைச் சட்டியில் போடப் போய்விட்டாள். வீடு திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "நீ பாட்டுக்குப் போயிட்ட. சத்தம் அடங்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னேன். என்னாச்சு?"

"பாரம் ஜாஸ்தி. திரும்ப எடம் வேணும்ல?"

பன்னிரண்டு நிமிட இடம். முப்பது வருடம் விமானக்காரியோடு குடித்தனம் நடத்தியவன் அதை நம்புவானா? நம்பித் தூங்கிப்போனதாக ஒன்று எழுதினேன். சிரித்ததாக இன்னொன்று. மூன்றாவதில் அவன் மெதுவாக அவளை

இல்லை, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எப்படி முடித்தாலும் அவன் அவளுக்குப் பக்கத்து இருக்கையில், கம்பளிக்குள், உயிரோடு உட்கார்ந்திருக்கிறான்.