ஏற்றமற்ற இரண்டு மெசோன்கள்

2025 ஒக்டோபர் 12, ஞாயிறு. ஒரு சிறு பிழை. மின்னேற்றமுள்ள மெசோன்களின் திணிவைக் கூட்டிவிட்டேன். ஏற்றமற்றவற்றைக் கூட்டியிருக்க வேண்டும்.

இதை நாட்குறிப்பில் எழுதிய நிரோஜினி, இரண்டு நாட்களாக யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு முன், பல்கலைக்கழகத்துக்கு அருகே, திருநெல்வேலிச் சந்தையடித் தேநீர்க்கடையில் சக மாணவன் எமில்ராஜின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை ஒரு விசித்திரத் துகளைப் பற்றியது. சாதாரண மெசோனில் குவார்க்கு எனும் அடிப்படைத் துகள்கள் இரண்டு, இதில் நான்கு. நான்கும் ஒரே உருண்டையாக இறுகியிருக்கின்றனவா, இல்லை இரண்டு மெசோன்கள் தொட்டும் தொடாமலும் சேர்ந்திருக்கின்றனவா? துகளின் திணிவு, அதாவது நிறை, இரு மெசோன்களின் கூட்டுத் திணிவைவிட எட்டு அலகு குறைவு, ஆகவே இறுக்கம்தான் என்று முடித்திருந்தார்கள். அந்த அறிக்கையோடுதான் எமில்ராஜ் வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறான். விரிவுரையாளர் தேவராசா நாளை ஒப்பமிட்டு அனுப்புவார்.

"எமில் அண்ணை, எங்கடை கணக்கு பிழை."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனி."

"போன கிழமை சந்தேகம். இது பிழை."

அவள் தாளை நீட்டினாள். ஏற்றம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, திணிவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று வகுப்பில் பழகிய பழக்கம். இந்தத் துகளுக்கு அந்த 'ஏறக்குறைய' போதாது. சரியான, ஏற்றமற்ற சோடியைக் கூட்டினால் வித்தியாசம் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவன் பென்சிலால் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான்.

"இதை ஆர் பாக்கப் போகினம்?"

"அங்கை போய் இதைப் பற்றித்தானே கதைக்கப் போறியள்."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"நாளைக்குள்ளை திருத்த ஏலாது. இந்த வருசம் போச்சு. நீ சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்து பாத்தனான், அண்ணை. ரெண்டு நாள்."

"அப்ப தொட்டும் தொடாத சோடி எண்டு எழுதுவமோ?"

"அடிச்சுச் சொல்லேலாது. வித்தியாசம் அளவீட்டு வழுவுக்குள்ளையே கிடக்கு. ஆனா இறுக்கம் எண்டதுக்கு எங்களிட்டை ஆதாரம் இல்லை."

அவன் எழுந்தான். "தேவராசா சேரிட்டை நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

வகுப்பில் அவன் வேறு வாங்கில் போய் இருந்தான். அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.

நாளை, புதன்: மூன்று மணிக்குத் தேவராசா சேரைச் சந்தித்து அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும். கூட்டியது நான் என்று சொல்ல வேண்டும்.